சுவருக்கு அந்தாண்ட கேட்ட வசவு

"எந்திரிய்யா! செத்த பொணங்கூட இந்நேரத்துக்குப் பொரண்டு படுத்திருக்கும். எந்திரின்னா!"

கல்யாணமாகி விழுப்புரத்துக்குக் குடித்தனம் வந்த மறுநாள் காலையில் நான் கேட்ட முதல் குரல் அதுதான். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சண்டை போடாத பெண்கள் இல்லை. ஆனால் புருஷனைப் பார்த்து ஒருத்தி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ரயில்வே பார்சல் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சட்டைப் பித்தானைப் போட்டபடியே, "பக்கத்து வீட்டம்மா. தெனிக்கும் இப்பிடித்தான். பழகிப்பூடும்" என்றார்.

ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு குடித்தனமாக்கியிருந்தார்கள். சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் புகுந்து போகலாம் போல இடைவெளி. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். பின்னால் முற்றமும் கிணறும் இரண்டு வீட்டுக்கும் பொது.

அன்றைக்குத் தண்ணீர் சேந்தப் போனபோதுதான் அவர்களைப் பார்த்தேன். கிணற்றடியில் ஒரு முக்காலியின் மேல் பெரிய உடம்புக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் மூடியிருந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஒல்லியாக, கறுப்பாக ஒருத்தி புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குனிய்யா. கழுத்து இன்னா மரத்துல செஞ்சு வெச்சதா?"

என்னைப் பார்த்ததும் அதே மூச்சில் முகம் மலர்ந்துவிட்டது. "வாம்மா, புதுப் பொண்ணா? சேந்திக்க. கயிறு வழுக்கும், பாத்து" என்றாள். அந்தக் குரலும் இந்தக் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்று நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவள் புருஷனை மாமா என்று. அவர் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். ஒருநாள் வேலையிலிருந்து வந்து, சோற்றில் கை வைத்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகு வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் குழறிவிட்டது. வேலை போனது, ரயில்வே வீடும் போனது. பிள்ளைகள் இல்லை. நான் குடிவந்தபோது அவர் விழுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் விழுப்புரம் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். மாமா அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். எஞ்சின் மூச்சு விடுவதை வைத்து அதில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துக் குழறிக் குழறிச் சொல்வார். "ஆமா, வெள்ளக்காரன் ஓடியாந்து உன்னத்தான் கேக்கப் போறான்" என்பாள் அக்கா. ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள்.

அவள் வாயைப் பற்றி அந்தத் தெரு முழுவதும் பேசியது. தண்ணீருக்கு வரும் பெண்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது நடையை மெதுவாக்கிக்கொண்டு கேட்பார்கள். "பாவம், கை கால் வெளங்காத மனுசன். இந்த ராட்சசிகிட்ட மாட்டிக்கினு முழிக்கிறாரு" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும் நல்லா இருந்த காலத்தில் அவள் அவர் எதிரே நிமிர்ந்து நின்று பேசியதில்லையாம். ரயில்வே குடியிருப்பில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி எனக்குச் சொன்னாள்: கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "வாங்க, போங்க, சாப்புடுங்க" என்பதற்கு மேல் அவள் குரலே வெளியே கேட்காதாம். 'ங்க' போய் 'யோவ்' வந்தது அவர் விழுந்த பிறகுதான்.

அக்காவின் வீட்டில் ஒரு நாற்றம் கிடையாது. நோயாளி படுக்கையில் கிடக்கும் வீடுகளுக்கென்று ஒரு வாசம் உண்டே, அது அங்கே இல்லை. அவர் வேட்டி எப்போதும் வெளுப்பு. விடிந்ததும் எழுப்பிவிடுவாள். பாயில் திரும்பவும் படுக்கப் பொழுது சாய வேண்டும். நடுவில் முக்காலி, சுவரோரம், கிணற்றடி, வாசல் என்று அவரை நகர்த்திக்கொண்டே இருப்பாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்; மண்டிக்காரர்கள் வீடு வீடாக மல்லாட்டை மூட்டை இறக்கி உடைத்து வாங்குவார்கள். அக்கா அந்த வேலை செய்தாள். ஒரு குவியலை அவர் முன்னாலும் கொட்டுவாள். "அந்தக் கையில. அந்தக் கையிலன்னு சொன்னேன்! இந்தக் கையில ஒடைக்கிறதுக்கு நீ எதுக்கு, நானே ஒடைப்பேன்." வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் ஒரு மல்லாட்டையை வைத்து, மேலே அவர் இடது கையால் அழுத்தச் சொல்வாள். வேர்த்துக் கொட்டும் அவருக்கு. ஓடு நொறுங்கினால் அந்தப் பருப்பு அவருக்கு. இடது கையால் உடைத்ததெல்லாம் மண்டிக்காரனுக்கு. இந்தச் சட்டத்தை அவள் மீறி நான் பார்த்ததில்லை.

கோலியனூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவர் புறா ரத்தம் தடவினால் நரம்பு சூடேறும் என்று சொல்லியிருந்தார். அக்கா யார் யாரையோ கெஞ்சி ஒரு புறாவைக் கொண்டுவந்தாள். முற்றத்தில் அதை அறுத்து, ரத்தத்தை வெதுவெதுப்பாக அவர் தோளில் ஊற்றித் தேய்த்தாள். மாமா சத்தமில்லாமல் அழுதார். கண்ணீர் அந்த ரத்தத்தோடு சேர்ந்து வழிந்தது.

"புறாவுக்கு அழுவுறியே, எனக்கு என்னிக்காவது அழுதிருக்கியாய்யா?" என்று ஒரு கத்தல் போட்டாள். ஆனால் அன்றோடு புறா வைத்தியம் நின்றது. வைத்தியரிடம், "புறா கெடைக்கல" என்று சொல்லிவிட்டாள்.

நானும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டேன். இரண்டு பேரும் முற்றத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். மாமா வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க்கா அவர இப்பிடித் திட்டறீங்க? நல்ல வார்த்தையாச் சொன்னா கேக்க மாட்டாரா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சொன்னேன்மா. மொதல்ல அப்பிடித்தான் சொன்னேன். 'எந்திரிங்க, ரெண்டு அடி வைங்க'ன்னு கால்ல வுழாத கொறையாச் சொன்னேன். 'அப்பறம் பாக்கலாம்'னு சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. ரயில்வே டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருந்தாரு, அசைச்சுக்கினே இருக்கணும், வுட்டா எறுகிப்பூடும்னு. ஒரு நாளு எனக்குத் தாங்கல. வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேன். பொட்டன்னேன், பொணம்னேன். அந்த ரோசத்துல எந்திரிச்சு ஒக்காந்தாரு பாரு! அப்பத்தான் புடிச்சுக்கினேன், இதுதான் மருந்துன்னு."

"அப்ப, கோவத்துல திட்டறது இல்லையா?"

உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "கோவமும்தான். இல்லேன்னு சொன்னா பொய்யி. நான் இன்னா மனுசி இல்லையா? எது மருந்து, எது கோவம்னு இப்பல்லாம் எனக்கே தெரியலம்மா."

அவர் நடந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் முற்றத்தில் அவரைச் சுவரோடு நிறுத்திவிட்டு அவள் எதிர்ப்பக்கம் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "வாய்யா. வந்து என்ன அடி பாக்கலாம்" என்றாள். அவர் அசையவில்லை. "ஷெட்டுல சம்மட்டி தூக்கினியாமே! இந்தப் பொம்பளய ஒரு அடி அடிக்க வக்கில்ல. உன்னப் போய் எனக்குக் கட்டி வெச்சாங்களே, எங்கப்பன் கண்ணு அவிஞ்சு போனவன்" என்று ஆரம்பித்து, அவர் அம்மாவை, அவர் குலத்தை, அவர் பிறந்த நேரத்தை எல்லாம் இழுத்தாள். என் காது கூசியது. அவர் முகம் சிவந்து, நரம்பு புடைத்து, ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. சுவரை விட்டார். விழுந்துவிடுவார் என்று நான் ஓடினேன். "தொடாதே!" என்றாள் அக்கா. இடது காலை வைத்தார். வலது காலை இழுத்தார். மறுபடி வைத்தார், இழுத்தார். கிணற்றடி வந்ததும் இடது கையை ஓங்கி அவள் தோளில் ஒன்று வைத்தார். நல்ல அடி. அவள் நிலைகுலைந்து தண்ணீர்ச் சால் மேல் விழுந்தாள்.

விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "அடிச்சுட்டாரும்மா! பாத்தியா? நடந்து வந்து அடிச்சுட்டாரு!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா கிணற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவர் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். அக்கா கவனித்தாளோ என்னவோ.

இன்னொரு தடவை, காணையில் அவள் அண்ணன் குழந்தைக்குக் காது குத்து. போகமாட்டேன் என்றவளை நான்தான் பிடிவாதம் பிடித்து அனுப்பினேன். "நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாங்கக்கா" என்றேன். மத்தியானம் தட்டை வைத்தேன். அவர் என்னைப் பார்த்து, வலது கையைப் பார்த்து, குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். பிசைந்து ஊட்டினேன். சாப்பிட்டதும் "படு...க்கணும்" என்றார். தலைகாணி எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் அக்கா வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஊட்டினியா?"

"பாவம்க்கா, கேட்டாரு..."

"கையி இல்லையா அவருக்கு? ஒரே நாளுல கெடுத்துட்டியே!" என்றாள். சில நாள் என்னோடு பேசவில்லை. அந்த நாட்களில் மாமாவுக்கு விழுந்த வசவு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஊட்டிய கையைத் தேடி அவர் கண் என் பக்கம் வரும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன்.

யுத்தம் இறுகிக்கொண்டே வந்தது. அரிசி கிடைப்பது கஷ்டமாகி, வீட்டுக்கு வீடு கேப்பைக் களியும் கூழும்தான். ஒருநாள் வரிசையில் காலையிலிருந்து நின்று அக்கா கொஞ்சம் அரிசி வாங்கி வந்தாள். சோறு வெந்த வாசனை சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. பிறகு அவள் குரல்: "அந்தக் கையில எடுய்யா." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கீழ வுழுந்தா வுழட்டும். திரும்பவும் எடு." மறுபடி சத்தமில்லை. திடீரென்று தட்டு சுவரில் மோதி உருளும் ஓசை கேட்டது. கூடவே அறை. கன்னத்தில் அறைந்தால் வரும் சத்தம், சந்தேகமே இல்லை.

நான் முற்றம் வழியாக ஓடினேன். தரையெல்லாம் சோறு. மாமா இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு பெரிய குரலெடுத்து அழுதார். அப்படி ஓர் ஆண்பிள்ளை அழுது அந்தத் தெரு கேட்டதில்லை. வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அக்கா அடித்த கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள், வேறு யாருடைய கையோ மாதிரி. பிறகு குந்தி உட்கார்ந்து, சிதறிய சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

யாரோ திண்டிவனத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். மாமாவின் உடன்பிறந்த அக்கா அங்கே இருந்தாள். பிள்ளையில்லாத விதவை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள். நான் அவளைத் திண்டிவனத்தம்மா என்பேன். வாரம் திரும்புவதற்குள் வந்து இறங்கினாள். பருத்த, வெளுத்த முகம். பேச்செடுத்தாலே கண் கலங்கிவிடும். தம்பியின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"கை நீட்டி அடிக்கிற அளவுக்கு வந்துட்டியாடி? அடிச்சா திருப்பி அடிக்க முடியாதவன அடிக்கிறியே, நீ பொம்பளயா, பேயா?"

அக்கா நினைத்திருந்தால் அந்தம்மாவை ஒரே மூச்சில் தெருவுக்கு விரட்டியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நான் கூட்டிக்கினு போறேன். வர்றியாடா தம்பி?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, தெளிவாக, குழறாமல் சொன்னார்: "போறேன்."

அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு சுத்தமாக அவர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

அக்கா உள்ளே போய் அவருடைய வேட்டிகளை மடித்து மூட்டை கட்டினாள். அதை நாத்தனாரிடம் கொடுக்கும்போது, "அண்ணி, ஊட்டாதீங்க. அவரே துன்னட்டும். பொழுதுக்கும் படுக்க வுடாதீங்க. கை வெரலத் தெனமும் பிரிச்சு வுடணும், இல்லாட்டி..." என்று ஆரம்பித்தாள்.

"எந்தம்பிய எப்பிடிப் பாத்துக்கறதுன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றாள் அந்தம்மா.

ஜட்கா வண்டியில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். பிளாட்பாரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு போகப் போர்ட்டர்களைக் கூப்பிட்டாள் திண்டிவனத்தம்மா. அக்காவின் உதடு அசைந்தது. 'எறங்கி நடய்யா' என்று சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அவர்கள் தூக்கினார்கள். அவர் கால் இரண்டும் தொங்கிக்கொண்டே போயின.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் செத்துவிட்டது. விடிந்தால் விழித்துக்கொள்வேன், திட்டு வரவில்லையே என்று காத்துக் கிடப்பேன். என் வீட்டுக்காரர்கூட, "இன்னாடி இது, மயானம் மாதிரி இருக்குது" என்றார். அக்கா மல்லாட்டை உடைத்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். தன்னோடு தான் பேசிக்கொள்ளும் பழக்கம்கூட அவளுக்கு இல்லை.

ஒரு மாதம் போல ஆனதும் அவரைப் பார்க்கத் திண்டிவனம் போனாள். பொழுதோடு திரும்பி வந்து நேராக என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். நான் வாயும் வயிறுமாக இருந்தேன்.

"எப்பிடிக்கா இருக்காரு?"

"நல்லா இருக்காரும்மா. கன்னம் உப்பிக்கினு இருக்குது. ஷவரம் பண்ணிக்கினு, பவுடர் போட்டுக்கினு, கட்டில்ல படுத்திருக்காரு. அண்ணி தயிர் சோறு பெசஞ்சு ஊட்டறாங்க. அவங்க இன்னாமோ சொல்றாங்க, இவரு சிரிக்கிறாரு. சத்தமாச் சிரிக்கிறாரு. எங்கிட்ட இருந்தப்ப ஒரு நாளு சிரிச்சாரா, சொல்லு?" கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உள்ள நொழஞ்சதும் பதறிப்போய் எந்திரிக்கப் பாத்தாரு. 'படுங்க, படுங்க'ன்னேன். கையி மூடிக்கிச்சும்மா. கட்ட வெரலு உள்ள போயி நகம் தோலுல குத்துது. பிரிக்கலாம்னு புடிச்சேன், வலிக்குதுன்னு கத்தினாரு. அண்ணி வுடுன்னுட்டாங்க."

"திரும்பவும் கூட்டிக்கினு வந்துருங்கக்கா."

"எதுக்கு? திட்டு வாங்கவா?" என்றாள். "சிரிச்சுக்கினு இருக்கறவர இழுத்துக்கினு வந்து அழ வெக்கணுமா? வேணாம்மா. எனக்கும் ஒடம்புல தெம்பு இல்ல."

அதற்கப்புறமும் போனாள், வந்தாள். ஒவ்வொரு தடவையும் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. "கால மடக்கியே வெச்சிருக்காரு" என்றாள் ஒரு தடவை. "முதுகுல செவந்திருக்குது" என்றாள் அடுத்த தடவை. நான் பிரசவத்துக்கு ஒலக்கூர் போய், குழந்தையோடு திரும்பி வந்தேன். அந்த வருஷமே மழைக்காலத்தில் ஆள் வந்தது: ஜுரம் விடவில்லை, உடனே வரவும். எனக்கும் அம்மா வீட்டுக்குப் போகிற வேலை இருந்தது. திண்டிவனம்வரை சேர்ந்தே போய், அவளோடு இறங்கி, அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வீட்டுக்கு இன்னும் நாலு வீடு இருக்கும்போதே குரல் கேட்டது.

"திரும்பித் தொலையேண்டா! என் உசுர வாங்கறதுக்குன்னே வந்து படுத்துக்கினு இருக்கியா? நான் இன்னா பாவம்டா பண்ணேன்?"

நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நின்றுவிட்டோம். அது திண்டிவனத்தம்மாவின் குரல். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஜெயித்துவிட்ட ஒரு சாயல்கூட இல்லை.

எங்களைப் பார்த்ததும் அந்தம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பாதியாக இளைத்திருந்தாள். "என் இடுப்பு போச்சுடி. தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு. கண்ண மூடியே எத்தினியோ நாளாவுது. புண்ணு ஆறவே மாட்டேங்குது. உன்னப் பேயின்னு சொன்னேனே, இன்னிக்கு எந்தம்பிய நானே..." முடிக்க முடியவில்லை. அக்கா அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, "வுடுங்க அண்ணி. ஒருத்தரால ஆவற காரியமா இது?" என்றாள்.

உள்ளே போனோம். அறையில் அந்த வாசம் இருந்தது. விழுப்புரத்தில் இல்லாத வாசம். கட்டிலில் கிடந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டி மடங்கியிருந்தன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டாள்.

"எப்பிடிங்க இருக்கீங்க? ரொம்ப வலிக்குதுங்களா?" என்றாள்.

அப்படி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த 'ங்க'வைக் கேட்டதும் அவர் கண்கள் பெரிதாகின. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த பார்வை. பிறகு இடது கையால் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"தி...த்து" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"திட்டு" என்றார் மறுபடியும். "எந்...திரின்னு... திட்டு."

அக்கா வாயைத் திறந்தாள். வாயாடி என்று தெருவே பேர் வைத்த அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார். முடிவில் அவள் அவர் மூடிய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "வேணாங்க. படுத்துக்கங்க" என்றாள். அவர் மெதுவாகச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் ஒலக்கூரில் இருக்கும்போதே செய்தி வந்துவிட்டது. காரியத்துக்குப் போனபோது அக்கா அழாமல் இருந்தாள். "ஒரு வார்த்த கேட்டாரும்மா. வாயி வரல" என்று மட்டும் சொன்னாள்.

விழுப்புரத்து வீட்டை அவள் காலி செய்துவிட்டாள். இடுப்பு போன நாத்தனாரைத் தனியாக விட மனமில்லாமல் திண்டிவனத்திலேயே தங்கிவிட்டாள். என் வீட்டுக்காரருக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு ஒரு தடவை அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் அவளைப் பார்க்கப் போனேன். மல்லாட்டைச் சீசன்; தெருவெல்லாம் மூட்டை வண்டிகள்.

திண்டிவனத்தம்மா கட்டிலில் படுத்திருந்தாள். முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு விட்டுப்போயிற்றாம். விழுந்து பல மாதம் ஆகிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு கோலும் கொடுத்திருந்தார். கோல் மூலையில் சாத்தியிருந்தது. அதன் மேல் ஒரு துண்டு உலர்ந்துகொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பால் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

கை கழுவ அவள் பின்பக்கம் வந்தபோது நானும் கூடப் போனேன். "அக்கா, அவங்கள எழுப்பி நடக்க வெக்கலாமே. டாக்டரே சொல்லியிருக்காரே. உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

"தெரியும்மா." சொம்பிலிருந்து தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "முட்டி எறுகிக்கினு வருது. தெனம் எண்ண தடவறப்ப என் கைக்கே தெரியுது. எந்திரிக்கச் சொன்னா, வலிக்குது நாளைக்குப் பாக்கலாம்னு சொல்றாங்க. அதட்டினா எந்திரிப்பாங்க. அதட்ட முடியல."

"ஒரு தடவ அதட்டித்தான் பாருங்களேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா இப்ப. திட்டி நடக்க வெச்சேன், சிரிப்பில்ல. வுட்டேன், உசுரு இல்ல. இவங்களாவது இருக்கற வரைக்கும் சிரிச்சுக்கினு இருக்கட்டும்" என்றாள். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

விடைபெற்றுக்கொள்ளக் கட்டிலருகே போனேன். திண்டிவனத்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் மறுபடியும் பழையபடி வெளுத்து, பருத்து, பளபளவென்று இருந்தது. போர்வைக்கு அடியில் கால் இரண்டும் குச்சியாக மடங்கியிருந்தன.

"நான் பெத்த பொண்ணா இருந்தாக்கூட இப்பிடிப் பாத்துக்க மாட்டாம்மா" என்றாள், சிரித்துக்கொண்டே. "இத்தினி நாளுல ஒரு வார்த்த அதட்டிப் பேசினதில்ல. இவளப் போயி வாயாடின்னு சொன்னாங்களே, அந்த விழுப்புரத்து ஜனங்க!"

அக்கா காலியான கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, துடைத்ததையே துடைத்துக்கொண்டு நின்றாள்.